அப்பா கதைக்கு ஒரு ஃபங்க்

பியேர் சால்வதோரி இயக்கிய 'ஆன் லிபெர்த்தே!' என்ற பிரெஞ்சுப் படம் 2018 அக்டோபர் கடைசி நாளில் அங்கே திரைக்கு வந்தது. தொடக்கமே மாஸ் என்ட்ரிதான். ஒரு போலீஸ்காரர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறார். உள்ளே எங்கே திரும்பினாலும் ரௌடிகள். யார் எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் அடி வாங்கித்தான் விழுகிறார்கள். இவருக்கு மட்டும் மூச்சுகூட வாங்கவில்லை. பின்னால் எழுபதுகளின் வாசனையோடு ஃபங்க் இசை, அதாவது பாஸ் கிதாரும் டிரம்ஸும் முன்னால் நின்று ஆடவைக்கும் கறுப்பின அமெரிக்க இசை. ஓஹோ, பழைய போலீஸ் படங்களைக் கிண்டல் செய்யப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது காட்சி ஒரு சிறுவனின் படுக்கையறைக்குத் தாவுகிறது. அதுவரை நாம் பார்த்தது, ஒரு அம்மா மகனைத் தூங்கவைக்கச் சொல்லிக்கொண்டிருந்த கதை.

கதையின் நாயகர் பையனின் அப்பா, சான்ட்டி. வேலையில் இருக்கும்போது இறந்துபோன வீரர். மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் அந்த ஊர் அவருக்குச் சிலையே வைத்திருக்கிறது. அம்மா இவோனும் போலீஸ்தான். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, வேறு ஏதோ ஒரு விசாரணையில், இவோனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. சான்ட்டி கைநீட்டிக் காசு வாங்கிய ஆள். ஒரு நகைக்கடைக் கொள்ளை நாடகத்தில் அந்துவான் என்ற அப்பாவியை மாட்டிவிட்டிருக்கிறான் (இனிமேல் அவருக்கு 'அவன்' போதும்). அந்துவான் 8 ஆண்டு ஜெயிலில் இருந்துவிட்டு இப்போது வெளியே வருகிறான். குற்ற உணர்ச்சி தாங்காமல் இவோன் அவன் பின்னாலேயே அலைய ஆரம்பிக்கிறாள்.

அப்புறம்தான் விஷயம். பையன் தினமும் கதை கேட்கிறான். அம்மாவால் பழைய கதையைச் சொல்ல முடியவில்லை. அதே வீடு, அதே கதவு, அதே ரௌடிகள். ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சான்ட்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போகிறான். வீரன் கோமாளியாகிறான், கோமாளி அயோக்கியனாகிறான். நமக்குக் காதில் விழுவது என்னவோ அதே குடும்பத்து ஃபங்க்தான். முதல் தடவை நாம் தலையாட்டிக் கேட்ட இசையை அடுத்தடுத்த தடவைகளில் அப்படிக் கேட்க முடிவதில்லை.

படத்துக்கு இசை கமீய் பாஸ்பாஸ். 'லெ க்ரி த லா மூஷ்' என்ற ராக் குழுவில் இருந்து வந்து, தனியாகப் பாடல் தொகுப்புகள் போட்ட ஆள். சால்வதோரியோடு இவருக்குப் பழைய பழக்கம்: 2003இல் 'ஆப்ரே வூ', 2006இல் 'ஓர் த ப்ரி' எல்லாம் இந்த ஜோடிதான். ஆனால் அவை காதலும் நகைச்சுவையுமான படங்கள். போலீஸ், திருடன், துப்பாக்கி என்று வரும் இந்தப் படத்தில்தான் இந்த அளவுக்குப் பழைய பாணியைப் போர்த்திக்கொண்டு வருகிறார்.

ரெட்ரோ ஃபங்க் என்றாலே எனக்குக் கொஞ்சம் சலிப்பு உண்டு. காரணம், கடந்த இருபது இருபத்தைந்து வருடமாகக் கொள்ளைப் படம் எடுக்கிற எல்லோரும் அதைத்தான் எடுத்து ஊற்றுகிறார்கள். இதில் பெரிய பங்கு பெல்ஃபாஸ்ட்காரரான டேவிட் ஹோம்ஸுக்கு. டிஜேவாக இருந்தவர், பழைய இசைத்தட்டுகளைத் தோண்டியெடுப்பதில் கில்லாடி. ஸ்டீவன் சோடர்பெர்கின் 'அவுட் ஆஃப் சைட்' (1998), 'ஓஷன்ஸ் லெவன்' (2001) படங்களுக்கு அவர் போட்ட இசை அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதற்குப் பிறகு நான்கு பேர் கோட் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தாலே பின்னால் ஒரு பாஸ் கிதார் முணுமுணுக்க வேண்டும் என்று சட்டம் போட்ட மாதிரி ஆகிவிட்டது. 'ஓஷன்ஸ் ட்வெல்வ்' (2004) படத்தில் அவர் டினஸ்தி கிரிஸிஸ் என்ற பழைய பிரெஞ்சுக் குழுவின் இசையையே எடுத்துப் போட்டார். அதாவது பிரெஞ்சுக்காரர்கள் மறந்துபோன பாட்டை ஓர் அயர்லாந்துக்காரர் ஹாலிவுட் வழியாக அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட இடங்களில் இசையின் வேலை ஒன்றுதான். இவர்கள் திருடர்கள்தான், ஆனால் பார், என்ன ஸ்டைல் என்று சொல்வது. ஏமாற்றுவேலையை அழகாக்கிக் காட்டுவது. சால்வதோரி படத்தில் எனக்குப் பிடித்தது, அந்த அழகாக்கும் வேலையையே கதைக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டதுதான். ஃபங்க் அங்கே ஒரு பொய்யின் பின்னணி இசை. பொய் என்று தெரியாமல் சொல்லப்பட்ட பொய். அது அம்பலமான பிறகு அந்த இசை என்ன செய்யும் என்பது படம் முழுக்க என்னைத் தொந்தரவு செய்த கேள்வி.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சினிமாவில் ஃபங்க் நுழைந்த கதை போலீஸ் ஸ்டேஷனில் தொடங்கவில்லை. 1971இல் கோர்டன் பார்க்ஸ் எடுத்த 'ஷாஃப்ட்' ஒரு கறுப்பினத் தனியார் துப்பறிவாளனின் கதை. போலீஸுக்கும் அவனுக்கும் எப்போதும் ஓர் உரசல் உண்டு. இசை ஐசக் ஹேய்ஸ், மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காரர். தலைப்புப் பாட்டில் வில்லி ஹால் ஹை-ஹாட்டில் (டிரம்ஸோடு இருக்கும் ஜோடித் தாளத்தட்டு) பதினாறாகப் பொடித்துத் தட்டிக்கொண்டே போவார். அதன் மேல் சார்லஸ் பிட்ஸ், கிதாரின் ஓசையை 'வா வா' என்று வளைக்கும் வா-வா பெடலை மிதித்து மிதித்துக் கிதாரைப் பேசவைப்பார். ஆல்பத்தில் இருக்கும் வடிவத்தைக் கேட்டால் இரண்டரை நிமிடத்துக்கும் மேல் குரலே வராது. நாயகன் தெருவில் நடந்து வருகிறான், அவ்வளவுதான். அந்தப் பாட்டுக்கு 1972இல் ஹேய்ஸ் ஆஸ்கர் வாங்கினார். சிறந்த பாடலுக்கான அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்.

என் பெரியப்பா மகன் திருச்சிப் பக்கம் மெல்லிசைக் குழு ஒன்றில் பாஸ் கிதார் வாசித்தவர். அவருக்கு ஒருமுறை இந்த 'ஷாஃப்ட்' பாட்டைப் போட்டுக் காட்டினேன். குரல் வருவதற்கு முன்பே நிறுத்தச் சொன்னார். "தம்பி, இதுல பாட்டு எங்கடா ஓடுது? ஆளுல்ல நடந்து வர்றான்" என்றார். எவ்வளவோ இசை விமர்சனம் படித்திருக்கிறேன், இதைவிடச் சரியாக யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. அந்த ஹை-ஹாட் ஒரு மனிதனின் நடைவேகம். சும்மா நடப்பவனைக்கூட முக்கியமானவனாக்கிவிடும். சான்ட்டி மாதிரி ஆளுக்கு அது எவ்வளவு தோதான கருவி என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு, 1972இல், கோர்டன் பார்க்ஸின் மகன் கோர்டன் பார்க்ஸ் ஜூனியர் 'சூப்பர் ஃப்ளை' எடுத்தார். நாயகன் கோகெய்ன் விற்பவன். கடைசியாக ஒரு பெரிய வியாபாரம் முடித்துவிட்டுத் தொழிலைவிட்டு ஒதுங்க நினைக்கிறான். உடை, கார், தலைமுடி எல்லாம் படத்தில் அவ்வளவு பளபளப்பு. இசை கர்ட்டிஸ் மேஃபீல்ட். அவர் செய்த வேலை வேறு விதம். படம் நாயகனைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது பாட்டுகள் அவனோடு சண்டை போடுகின்றன. 'ஃப்ரெடீஸ் டெட்' என்ற பாட்டு, இந்த வியாபாரத்தில் பலியாகிப்போன ஒரு சாதாரண ஆளுக்கான ஒப்பாரி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. படத்துக்குள் அந்தப் பாட்டின் இசை மட்டும்தான் வருகிறது, வரிகள் இல்லை. அதனாலேயே அதை ஆஸ்கர் போட்டிக்கு எடுத்துக்கொள்ளவில்லை. தியேட்டரில் உட்கார்ந்தவனுக்கு ஆடவைக்கும் தாளம், இசைத்தட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவனுக்கு எழவுச் செய்தி.

இந்தச் சண்டைதான் எனக்கு முக்கியம். ஃபங்க் தொடக்கத்திலேயே நாயகனைச் சந்தேகிக்கத் தெரிந்த இசை. பின்னால்தான் அந்தச் சந்தேகம் கழன்றுபோனது.

எப்படிக் கழன்றது? தொலைக்காட்சி வழியாக. 'ஷாஃப்ட்' வந்த அதே 1971இல் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'டர்ட்டி ஹாரி'யும் வந்தது. சட்டம் கிடக்கட்டும், என் துப்பாக்கி பேசட்டும் என்கிற போலீஸ்காரன். இசை லாலோ ஷிஃப்ரின். புவனோஸ் ஐரிஸில் பிறந்து பாரிஸ் கன்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் படித்த அர்ஜென்டினாக்காரர். ஃபங்கின் பாஸும் டிரம்ஸும் கையில் பேட்ஜ் வைத்திருப்பவனுக்கும் நன்றாகப் பொருந்துகிறது என்று அந்தப் படத்தில் தெரிந்துவிட்டது. பிறகு வாராவாரம் அதே சங்கதிதான். 1975இல் 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' தொடங்கியபோது முதல் பருவத்தின் தலைப்பு இசை ஷிஃப்ரினுடையது, இரண்டாம் பருவத்தில் டாம் ஸ்காட் வந்தார். பாரி டி வோர்ஸோன் எழுதிய 'ஸ்வாட்' தொடரின் தலைப்பு இசையை ரிதம் ஹெரிடேஜ் என்ற குழு வாசித்து வெளியிட, 1976இல் அது அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதல் இடத்துக்கே போய்விட்டது. அதிரடிப் போலீஸ் படைக்கு அடையாள இசையாக இருந்ததை வைத்து ஜனங்கள் டிஸ்கோவில் ஆடினார்கள். ஐந்தே வருடத்தில் தெருக்காரனிடம் இருந்து காக்கிச்சட்டைக்காரன் கைக்கு இசை மாறிவிட்டது.

அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் போலீஸ் படங்களில் என்ன ஒலித்தது? பெரும்பாலும் இது இல்லை. இந்த இடத்தில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். எழுபதுகளின் பிரெஞ்சுக் குற்றப்படம் என்றால் ஃபங்க் இருந்திருக்கும் என்று நமக்கு ஒரு நினைப்பு. இயக்குநர் ழான்-பியேர் மெல்வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'லெ சாமுராய்' (1967) தொடங்கிக் கிட்டத்தட்ட பத்து நிமிடம் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இசை ஃபிரான்சுவா த ரூபே, சாம்பல் நிறத்தில் ஓர் ஆர்கன். 'லெ செர்க்கிள் ரூஷ்' (1970) படத்தில் நகைக்கடைக் கொள்ளை சுமார் 25 நிமிடம் பேச்சே இல்லாமல் நடக்கிறது. அங்கே தாளம் போட்டுத் திருடனைத் தூக்கிவிட மெல்வில்லுக்கு மனசு வரவில்லை. எரிக் தெமார்சானின் இசை ஜாஸ் சாயலில் வந்து, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். பிரெஞ்சுக் குற்றப்படம் அப்போது குளிர்ந்த ரத்தப் பிராணி.

விதிவிலக்குகள் உண்டு, அவை அருமையானவை. ஜார்ஜ் லோத்னரின் 'லெ பாஷா' (1968) படத்தில் பாடகர் செர்ஜ் கான்ஸ்பூரும் இசையமைப்பாளர் மிஷேல் கொலோம்பியேயும் சேர்ந்து செய்த 'ரெக்வியம் பூர் அன் கோன்' பாட்டு முழுக்க டிரம்ஸ் மேலேயே நிற்கிறது. மெட்டு என்று தனியாக ஒன்று கிடையாது என்றே சொல்லலாம், கான்ஸ்பூர் பாடவில்லை, முணுமுணுக்கிறார். படத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரே வந்து அதைப் பாடுவார், போலீஸ்காரராக நடிக்கும் வயதான ழான் காபான் விசாரிக்க வந்து நிற்பார். இரண்டு தலைமுறை ஒரே அறையில் ஒன்றை ஒன்று புரியாமல் பார்க்கிற காட்சி. இன்றைக்கு ஹிப்-ஹாப் பழக்கப்பட்ட காதில் அந்த டிரம்ஸ் கொஞ்சமும் பழசாகத் தெரியாது.

இன்னொன்று த ரூபே 'தெர்னியே தொமிசில் கொன்யூ' (1970) படத்துக்குச் செய்தது. அடியில் பிடிவாதமாக ஒரு தாளம், மேலே மனசை அறுக்கிற வயலின்கள். கேட்டமாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் ஆச்சரியம் வேண்டாம். 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாடகர் ராபி வில்லியம்ஸின் 'சுப்ரீம்' பாட்டில் வருவது இதுதான். த ரூபே வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் வைத்துக்கொண்டு, வாத்தியம் வாத்தியமாகத் தானே வாசித்துச் சேர்த்தவர். 1975 நவம்பரில் கானரித் தீவுகளில் கடலுக்குள் முக்குளிக்கப் போய் இறந்துபோனார். வயது 36. அவர் இருந்திருந்தால் எண்பதுகளின் பிரெஞ்சு சினிமா வேறு மாதிரி ஒலித்திருக்கும் என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது, விட்டுவிடுகிறேன்.

ஆக, சான்ட்டியின் வீரக் கதைக்குப் பின்னால் ஒலிக்கும் ஃபங்க் பிரான்ஸின் பழைய சினிமாவில் இருந்து வந்ததாக எனக்குப் படவில்லை. அது பிரான்ஸின் வரவேற்பறையில் இருந்து வந்தது. 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' பிரெஞ்சுக் குரல்களோடு அங்கே தொலைக்காட்சிக்கு வந்தது 1978இல். பிற்பாடு அதற்குப் பிரெஞ்சு வரிகள் போட்டுத் தனியாக ஒரு தலைப்புப் பாட்டே செய்தார்கள். சால்வதோரி பிறந்தது 1964. கணக்குப் போட்டால் அந்தத் தொடர் வந்தபோது அவருக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. அந்த வயதில் மனசில் ஏறிய போலீஸ்காரன் கடைசிவரை அதே இசையோடுதான் நடந்து வருவான்.

இங்கே ஒரு வேடிக்கையான கேள்வி எழுகிறது. படுக்கையறையில் கதை கேட்கும் பையன் 2018இன் பையன். அவனுக்கு எழுபதுகளின் ஃபங்க் எப்படித் தெரியும்? கதை அவன் கற்பனையில் ஓடுகிறது என்றால் பின்னணியில் ஏதாவது வீடியோ கேம் இசைதானே கேட்க வேண்டும்? அம்மாவின் கற்பனை என்றால் அவளுக்கும் அந்த வயது இல்லை. இவோனாக நடித்த அதேல் எனெல் பிறந்ததே 1989இல். அப்படியானால் அந்த இசை யாருடைய தலைக்குள் ஓடுகிறது?

எனக்குத் தோன்றுவது இது. அது யாருடைய நினைவும் இல்லை. ஊர் மொத்தமும் வைத்திருக்கும் ஒரு சிலை மாதிரி, போலீஸ் வீரத்துக்கு என்று பொதுவில் வைக்கப்பட்டிருக்கும் ஓர் இசை. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போர்த்திக்கொள்ளலாம். கணவன் இறந்த துக்கத்தில் இருக்கும் ஒரு பெண் தன் மகனுக்கு அப்பாவைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்றால், புதிதாக எதையும் யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. கையெட்டும் தூரத்தில் இருப்பதை எடுக்கிறாள். தொலைக்காட்சி போலீஸ்காரனின் உடல்மொழியை எடுக்கிறாள், இசையும் கூடவே வருகிறது. அதனால்தான் அந்தச் சண்டைக்காட்சி அத்தனை தேய்வழக்காக இருக்கிறது. மோசமாக எடுத்ததால் இல்லை, துக்கத்தில் இருப்பவர்கள் தேய்வழக்கில்தான் பேசுவார்கள் என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு கதை மாற மாற இசைக்குத் தர்மசங்கடம். ஹேய்ஸின் ஹை-ஹாட் யாரை வேண்டுமானாலும் தூக்கி நிறுத்தும் என்றேன் அல்லவா? இங்கே அது தூக்கி நிறுத்தவே கூடாத ஒருவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிரிக்கிறோம். ஆனால் முதல் தடவை நாமும் இதற்குத் தலையாட்டினோமே என்கிற உறுத்தல் உள்ளே இருக்கிறது. மேஃபீல்ட் வரிகளை வைத்துச் செய்த சண்டையை சால்வதோரி கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் செய்துவிடுகிறார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஃபங்கில் இருந்து தொலைக்காட்சிக்காரர்கள் உருவிப்போட்ட அந்தச் சந்தேகம், ஒரு பிரெஞ்சுக் காமெடிப் படத்தில் வந்து மறுபடியும் ஒட்டிக்கொள்கிறது.

அந்துவான் பக்கம் வந்தால் இசையின் கணக்கு இன்னும் விநோதமாகிறது. பியோ மர்மாய் நடித்திருக்கும் இந்த ஆளின் தர்க்கம் எனக்கு மிகவும் பிடித்தது: தண்டனையை முன்கூட்டியே அனுபவித்தாகிவிட்டது, குற்றம்தான் பாக்கி. செய்யாத கொள்ளைக்கு எட்டு வருடம் உள்ளே இருந்தவனுக்கு அந்தக் கொள்ளையைச் செய்ய உரிமை இருக்கிறதா இல்லையா? அவன் உண்மையிலேயே நகைக்கடைக்குள் நுழைகிறபோது, முகத்தில் ஏடாகூடமான தோல் முகமூடி. சான்ட்டியின் கற்பனைச் சண்டையில் எல்லாம் ஸ்டைலாக நடந்தது. இங்கே உண்மைக் குற்றம், ஆனால் ஒன்றும் ஒழுங்காக நடப்பதில்லை. அந்துவானின் மனைவி ஆன்யேஸாக ஓத்ரே தொத்து ('அமேலி' என்றால் சட்டென்று தெரியும்) வருகிறார். ஜெயிலில் இருந்து திரும்பி வந்த கணவனை இன்னொரு முறை வெளியே போய் வரச் சொல்லி, அவன் வருகிற அந்த நிமிடத்தை மறுபடியும் பார்க்க ஆசைப்படுகிறாள். இவோன் ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறாள், ஆன்யேஸ் ஓர் உண்மையைத் திரும்ப நடத்திப் பார்க்கிறாள். இந்த மாதிரி இடங்களில் ஃபங்க் தேவைப்படவில்லை.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. நடுவில் ஒரு இருபது நிமிடம் ஓடி ஓடி மூச்சு வாங்குகிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிளாஸ்டிக் பைகளோடு திரும்பத் திரும்ப வந்து நான்தான் கொலை செய்தேன் என்று ஒப்புக்கொள்ளப் பார்க்கும் ஆளை யாரும் கண்டுகொள்ளாத நகைச்சுவை அபாரம், ஆனால் அது வேறு படத்தில் இருந்து வந்த மாதிரி இருக்கிறது. அதைவிட எனக்கு இசை சம்பந்தமாகவே ஒரு நெருடல் உண்டு. ஃபங்க் இன்றைக்கு ஐரோப்பிய சினிமாவில் ஒட்டுமீசை மாதிரி ஆகிவிட்டது. வைத்தால் சிரிப்பு வரும், எடுத்தால் யாரும் தேடமாட்டார்கள். மெம்பிஸிலும் சிகாகோவிலும் கறுப்பின இசைக்கலைஞர்கள் தங்கள் நடையை, தங்கள் தெருவை, தங்கள் சாவுகளை வைத்துச் செய்த இசை அது. சால்வதோரியின் படமும் அந்த மூலத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது தொலைக்காட்சி நகலைத்தான் விசாரிக்கிறது. அந்த நகலுக்கும் ஒரு மூலம் இருந்தது என்பது, 'ஷாஃப்ட்' கேட்டவர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய ஃபங்க் மாதிரி வாசிப்பது பெரிய கஷ்டம் இல்லை, நல்ல வாத்தியக்காரர்கள் இருந்தால் போதும். பழைய ஃபங்க் மாதிரி *கேட்கவைப்பது* கஷ்டம். எழுபதுகளின் டிரம்ஸ் ஓசையில் எதிரொலி கிடையாது. தட்டினால் 'டப்' என்று அங்கேயே செத்துவிடும். அதற்காக டிரம்ஸின் தோல் மேல் துண்டு போடுவார்கள். ஆமாம், சாதாரணத் துண்டுதான். சின்ன அறை, வாத்தியத்துக்குப் பக்கத்திலேயே மைக், கம்ப்யூட்டருக்குப் பதில் டேப். பாஸ் கிதாரில் பளபளவென்று ஒலிக்கும் புதுக் கம்பிகள் வேண்டாம், தட்டையான கம்பிகள்தான் சரி. நியூயார்க்கின் புரூக்ளினில் டாப்டோன் என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனம் இந்தப் பைத்தியக்காரத்தனத்தை ஒரு தொழிலாகவே செய்தது. அங்கத்திய டாப்-கிங்ஸ் குழுதான் பாடகி ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' (2006) ஆல்பத்தின் பல பாடல்களில் வாசித்தது. அந்த ஆல்பம் உலகம் முழுக்க விற்ற பிறகு எல்லா நாட்டு ஸ்டுடியோக்களிலும் துண்டுக்குக் கிராக்கி வந்திருக்கும்.

ஹெட்போன் போட்டு பாஸ்பாஸின் இசையைத் தனியாகக் கேட்டால் இன்னொரு விஷயம் பிடிபடுகிறது. அது கறாரான நகல் இல்லை. பழைய இசைத்தட்டு என்று நம்மை ஏமாற்ற அவர் முயற்சி செய்யவில்லை. கொஞ்சம் மிகையாக, கொஞ்சம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசிக்கிறார்கள். அம்மா மிகையாகச் சொல்கிற கதைக்கு மிகையான இசைதானே சரி. அச்சு அசலான எழுபதுகளின் ஃபங்காக இருந்திருந்தால் சான்ட்டி உண்மையிலேயே ஹீரோவாகத் தெரிந்திருப்பான், கதை கெட்டிருக்கும்.

இந்தப் படத்தை முதலில் கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் இருவாரப் பிரிவில் காட்டினார்கள், 2018 மே மாதம். அங்கே எஸ்.ஏ.சி.டி. என்ற பிரெஞ்சு நாடக, திரைப் படைப்பாளர் சங்கத்தின் பரிசு கிடைத்தது. அடுத்த வருடம் பிரான்ஸின் சீசர் திரைப்பட விருதுகளுக்கு 9 பரிந்துரைகள், இசைக்கும் சேர்த்து. பாஸ்பாஸுக்குக் கிடைக்கும் என்று நான் நம்பியிருந்தேன். 2019 பிப்ரவரியில் விருதை வாங்கிப்போனது 'கீ' என்ற படத்துக்கு இசையமைத்த வான்சான் பிளான்ஷாரும் ரொமான் கிரெஃபும். வயதாகிப்போன ஒரு பாப் பாடகரைப் பற்றிய ஆவணப்படம் போல எடுத்த படம் அது. அப்படி ஒரு பாடகர் பிறக்கவே இல்லை. அவருடைய பழைய ஹிட்டுகள் என்று படத்தில் வருபவை எல்லாம் படத்துக்காகவே புதிதாகச் செய்தவை. அந்த வருடம் பிரான்ஸில் போலிப் பழசுக்குப் போட்டி பலமாகத்தான் இருந்திருக்கிறது.